அழியாத ஃபைலை யாரு புடிச்சிருக்கா?

ஹட்டன்ல இருந்து தலவாக்கலை வரைக்கும் எந்தக் கடைக்கு கொம்பியூட்டரைத் தூக்கிட்டுப் போனாலும் ஒரே பதில்தான் கெடைக்கும், "வைரஸ் ஏறியிருக்கு, ஃபோர்மட் அடிக்கணும்". சரின்னு வச்சிட்டு வருவோம், சாயங்காலம் போனா விண்டோஸ் புதுசா பளபளன்னு இருக்கும், காசைக் குடுத்துட்டு பஸ்ல மடியில வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்து சொருகுனா டெஸ்க்டொப்புல இருந்த போட்டோ எல்லாம் காணோம், பிள்ளையோட நோட்ஸ் காணோம், பாமினி தமிழ் ஃபொன்ட் காணோம், ஆனா வைரஸ் மட்டும் ராத்திரிக்குள்ள திரும்பி வந்துரும். ஏன்னா அவங்க ஃபோர்மட் அடிச்சது சி டிரைவை மட்டும். டி டிரைவ்ல ஃபோல்டர் மாதிரி ஐகன் வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கிற இ.எக்ஸ்.இ-யை, அதாவது ஓடுற புரோகிராம் ஃபைலை, ஒருத்தரும் தொடல. வீட்டுக்கு வந்ததும் நம்மளே அதை ஆசையா டபுள் கிளிக் பண்ணி உள்ள கூப்புடுறோம்.

நான் கொம்பியூட்டர் கடைக்காரன் இல்ல, ஆபிஸ் வேலைதான். ஆனா தேயிலைத் தோட்டத்துல யாரோ ஒருத்தனுக்கு இதெல்லாம் தெரியும்னு பேர் வந்துட்டா அப்புறம் ஞாயித்துக்கெழமை நம்ம கையில இல்ல. இதை எழுதுறதுக்குக் காரணம் ஒரு அக்கா வீட்டு மெஷின். விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டொப். அக்கா குவைத்துல இருந்தப்போ அனுப்புன காசுல வாங்குனது, இப்போ மக ஏ.எல். படிக்குது, அதுக்குத்தான் பாவிக்கிறாங்க. மகளோட சடங்கு போட்டோ, அக்கா வெளிநாட்டுல இருந்தப்போ பிள்ளைங்க அங்க அனுப்புன போட்டோ, தேர்த் திருவிழா வீடியோ, எல்லாம் அதுக்குள்ளதான், வேற எங்கயும் கொப்பி கெடையாது. பாஸ்ட் பேப்பர் பிரின்ட் எடுக்க டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடைக்கு பென் டிரைவைக் கொண்டு போனா, திரும்பி வந்தப்போ பென்னுக்குள்ள எல்லா ஃபோல்டருக்கும் சின்னதா ஒரு அம்புக்குறி. அதை சொருகுன மெஷினும் அப்புடியே ஆகிப்போச்சு. அன்டிவைரஸ் ஒரு ஃபைலைக் காட்டுது, அழிக்கச் சொன்னா அழிக்கமாட்டேங்குது, நம்மளே போயி டிலீட் அடிச்சா "எக்செஸ் டினைட்". கடைக்காரர் வழக்கம் போல ஃபோர்மட்னு சொல்லிட்டாரு. "தம்பி, போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாம பாக்க முடியுமா"ன்னு அக்கா ஃபோன்ல கேட்டாங்க.

முதல்ல இந்த "எக்செஸ் டினைட்" விசயத்தைப் பேசிருவோம், ஏன்னா பாதிப் பேரு இதைப் பாத்துதான் பயந்து கடைக்கு ஓடுறாங்க. வைரஸ் அவ்வளவு பலசாலி, விண்டோஸாலயே அழிக்க முடியலன்னு நெனைக்கிறாங்க. அப்புடி இல்லைங்க. ஓடிக்கிட்டிருக்கிற ஒரு புரோகிராமோட ஃபைலை அழிக்க விண்டோஸ் விடாது. அந்த சட்டம் நல்ல ஃபைலுக்கும் ஒண்ணுதான் கெட்ட ஃபைலுக்கும் ஒண்ணுதான். வேர்ட்ல ஒரு லெட்டரைத் தொறந்து வச்சுக்கிட்டு அதையே டிலீட் பண்ணிப் பாருங்க, அதுவும் அழியாது. டி.எல்.எல்-னு சொல்ற ஃபைலு தானா ஓடாது, வேற ஒரு புரோகிராம் அதை உள்ள ஏத்தி வச்சிருக்கும், அந்த புரோகிராம் விடுற வரைக்கும் அதையும் அழிக்க முடியாது. அதனால ஃபைலோட மல்லுக்கட்டுறதுல பிரயோஜனமே இல்ல. அதை யாரு புடிச்சிருக்கான்னுதான் பாக்கணும். மலைக்கு வேலைக்குப் போறவங்க கால்ல அட்டை கடிச்சா புடிச்சு இழுக்க மாட்டாங்க, சவுக்காரத்தைத் தடவுனா அதுவே விட்டுட்டு விழுந்துரும், அந்த மாதிரி புடியை விட வைக்கிறதுதான் வேலை.

அக்கா வீட்டுக்குப் போனதும் மொதல்ல நெட் வர்ற டொங்கலைக் கழட்டுனேன். உள்ள இருக்கிறது வெளிய யாரோடயாவது பேசிக்கிட்டு இருக்கும், நாம ஒண்ணை அழிக்க அழிக்க அது புதுசா ஒண்ணை எறக்கும், அதனால நெட்டை அறுத்துட்டுத்தான் மத்ததெல்லாம். அடுத்தது பென்னு. உள்ள வெறும் ஷோர்ட்கட்டா இருக்கு, அக்கா முகமே செத்துப்போச்சு. டிரைவ்ல ரைட் கிளிக் பண்ணி புரொப்பர்ட்டீஸ் பாக்கச் சொன்னேன், பாதிக்கு மேல நெறஞ்சிருக்குன்னு காட்டுது. ஷோர்ட்கட் ஒண்ணு ரெண்டு கிலோபைட்தான் வரும், அப்போ மிச்ச எடத்தை யாரு அடைச்சிட்டிருக்கா? "போகலக்கா, ஒளிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்." இந்த வகை வைரஸ் ஃபைலை அழிக்கிறதே இல்ல, ஹிடன், சிஸ்டம்னு ரெண்டு அடையாளத்தையும் ஒண்ணா குத்தி வச்சிரும். சிஸ்டம்னு குத்துனதால புரொப்பர்ட்டீஸ்ல போயி ஹிடன் டிக்கை எடுக்கப் பாத்தா அந்தக் கட்டம் சாம்பல் கலர்ல செத்துக் கெடக்கும், கைய வைக்க முடியாது. கமாண்ட் புரொம்ப்ட்டைத் தொறந்து அட்ரிப்னு ஒரு கமாண்ட், மைனஸ் எச், மைனஸ் எஸ், மைனஸ் ஆர், பென்னோட எழுத்து, கடைசியில ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி. அடிச்சா கொஞ்ச நேரத்துல ஃபோல்டர் எல்லாம் எந்திரிச்சு வந்துரும். இன்னொரு வகை இருக்கு, எல்லாத்தையும் பேரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள்ள தள்ளிரும். உண்மையில பேர் இல்லாம இல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு எடைவெளி எழுத்துதான் அதோட பேரு. கமாரூன்னும் அன்ட்ரோமெடான்னும் சொன்ன வைரஸ் இதைத்தான் பண்ணுச்சு, 2017 கடைசியில பல நாட்டுப் பொலிஸ் சேந்து அதோட சேர்வர் எல்லாத்தையும் முடக்குனாங்க, ஆனா பழைய பென்னுங்களுக்குள்ள அந்த ஃபோல்டரை இன்னும் பாக்கலாம். ஒண்ணும் ஆகல, உள்ள போயி ஃபைலை வெளிய எடுத்துக்கலாம்.

ஷோர்ட்கட்டை டிலீட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணைத் தொறக்காம, ரைட் கிளிக்ல புரொப்பர்ட்டீஸ் போயி டார்கெட்னு இருக்கிற வரியைப் படிங்க. அதுலதான் திருடனோட விலாசம் இருக்கு. அக்கா மெஷின்ல அந்த வரி வின்டோஸ் ஸ்கிரிப்ட் ஓட்டுற புரோகிராமைக் கூப்புட்டு, ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலை ஓட்டச் சொல்லி, கடைசியில நம்ம ஃபோல்டரையும் தொறந்து காட்டச் சொல்லுது. அதனாலதான் டபுள் கிளிக் பண்ணுன பிள்ளைக்கு சந்தேகமே வரல, ஃபோல்டர் தொறக்குதே! டாஸ்க் மெனேஜர்ல பாத்தா டபிள்யூஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டிருக்கு. நிறுத்திட்டு, எப்டேட்டான்னு புரோகிராமுங்க தங்களோட சாமானை வைக்கிற ஃபோல்டருக்குள்ள இருந்த ஸ்கிரிப்ட்டை அழிச்சிட்டு, ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி அதே எடத்துல அதே ஃபைலு.

இங்கதான் நெறைய பேரு தோத்துப் போறாங்க. அழியாத ஃபைலு ஒரு வகை, அழிஞ்சு அழிஞ்சு திரும்பி வர்ற ஃபைலு இன்னொரு வகை, ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா வைத்தியம் வேற. திரும்பி வருதுன்னா அதை எழுதுறவன் ஒருத்தன் எங்கயோ உயிரோட இருக்கான். இதுக்கு ஓட்டோரன்ஸ்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, சிஸின்டேர்னல்ஸ்னு ஒரு தொகுப்பு, மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல்னு ரெண்டு பேரு 1996ல ஆரம்பிச்சது, 2006ல மைக்ரோசொஃப்ட்டே அதை வாங்கிருச்சு, இன்னமும் இலவசம். கொம்பியூட்டர் எழும்பும்போது என்னென்ன தானா ஓடுதுன்னு ஒளிவு மறைவு இல்லாம காட்டும். ரெஜிஸ்ட்ரின்னு சொல்ற விண்டோஸோட செட்டிங்ஸ் பேரேட்டுல ரன்னு சொல்ற எடம், ஸ்டார்ட்டப் ஃபோல்டர், டாஸ்க் ஷெடியூலர், சேர்விசஸ், எல்லாம் ஒரே எடத்துல. பட்டியலைப் பாத்தா தலை சுத்தும், அதனால மைக்ரோசொஃப்ட்டோட சொந்த வரிகளை மறைக்கச் சொல்லி ஒரு ஒப்ஷன் இருக்கு, அதைப் போட்டுட்டா மிச்சம் கொஞ்சம்தான் நிக்கும். கம்பெனி பேர் இல்லாதது, எப்டேட்டாவுல இருந்தோ டெம்ப்ல இருந்தோ ஓடுறது, அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வையா பேர் வச்சிருக்கிறது, இதுங்க மேல கண்ணு வைங்க. டிக்கை மட்டும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, ஒண்ணும் கெடலன்னா அப்புறம் அழிக்கலாம். அக்கா மெஷின்ல அந்த ஸ்கிரிப்ட் ரன் எடத்துலயும் இருந்துச்சு, ஸ்டார்ட்டப் ஃபோல்டர்லயும் இருந்துச்சு, ஒண்ணு போனா ஒண்ணு.

சில வைரஸ் ரெண்டு புரோசஸா ஓடும், ஒண்ணு செத்தா மத்தது எழுப்பிவிடும். அப்போ கொல்லப் போகாதீங்க. அதே தொகுப்புல இருக்கிற புரோசஸ் எக்ஸ்புளோரர்ல சஸ்பென்ட்னு ஒண்ணு இருக்கு, மொதல்ல ரெண்டையும் அப்புடியே உறைய வச்சிட்டு அப்புறம் ஒண்ணொண்ணா முடிங்க. ஒறஞ்சு கெடக்கிறவன் செத்தவனை எழுப்ப மாட்டான்.

இனி அந்த அழியாத ஃபைலு. அது ஒரு டி.எல்.எல். புரோசஸ் எக்ஸ்புளோரர்ல கன்ட்ரோல் எஃப் அடிச்சு ஃபைலோட பேரைக் குடுத்தா எந்த புரோகிராம் அதைப் புடிச்சிருக்குன்னு சொல்லிரும். (விண்டோஸ் 7ல இருந்து ரிசோர்ஸ் மொனிட்டர்லயே சி.பி.யு. பக்கத்துல இந்தத் தேடல் இருக்கு, ஒண்ணும் எறக்காமலே பாக்கலாம், பாதிப் பேருக்குத் தெரியாது.) புடிச்சிருந்தது வேற யாரும் இல்ல, விண்டோஸ் எக்ஸ்புளோரர்தான். நம்ம டெஸ்க்டொப், டாஸ்க்பார், ஃபோல்டர் ஜன்னல், எல்லாமே அதுதானே. நான் எந்த ஜன்னலுக்குள்ள நின்னு டிலீட் அடிச்சேனோ அந்த ஜன்னலே அதைக் கையில வச்சிருக்கு, அப்புறம் எப்புடி அழியும்.

இதுக்கு சேஃப் மோட். அதுலயும் சாதா சேஃப் மோட் போதாது, அங்கயும் எக்ஸ்புளோரர் வந்து ஒக்காந்துரும். "சேஃப் மோட் வித் கமாண்ட் புரொம்ப்ட்"னு ஒண்ணு இருக்கும், அதுல டெஸ்க்டொப்பே வராது, கருப்புத் திரை மட்டும்தான். விண்டோஸ் 7 வரைக்கும் எழும்பும்போதே எஃப் 8-ஐத் தட்டிக்கிட்டே இருந்தா மெனு வரும். 10, 11ல அது வேலை செய்யாது, ஷிஃப்டை அமுக்கிக்கிட்டு ரீஸ்டார்ட் குடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்னு சுத்திப் போகணும். புது லெப்டொப்னா அந்த நேரத்துல பிட்லொக்கர் கீ, அதாவது டிஸ்க் பூட்டோட சாவி கேக்கும், அதை முன்னாடியே எடுத்து எழுதி வச்சுக்கிட்டு எறங்குங்க, இல்லாட்டி நடுவழியில நிக்க வேண்டியதுதான்.

அக்கா வீட்டுல இந்தக் கட்டத்துக்கு வந்தப்போ வானம் இருட்டிருச்சு. ஒக்டோபர் மாசம் எங்க ஊர்ல மத்தியானத்துக்கு மேல இடி இல்லாத நாள் கம்மி. வயரைக் கழட்டிப் போட்டுட்டு இஸ்தோப்புல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சோம். இதை ஏன் சொல்றேன்னா, நெட்ல இருக்கிற வழிகாட்டி எல்லாம் "ஃபுல் ஸ்கேன் ஓட விட்டுட்டு தூங்கப் போங்க"ன்னு சொல்லும், அது கரண்ட் ஒழுங்கா இருக்கிற ஊருக்கு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணுன நாடு இது, இப்போ அந்தளவுக்கு இல்லன்னாலும் மழைக்கும் மரம் விழுறதுக்கும் லைன் போறது போறதுதான். பழைய மெஷின்ல ஃபுல் ஸ்கேன் ராத்திரி முழுக்க ஓடும், நடுவுல நின்னா சிலது மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். அதனால நான் முழுசா ஓட விடுறதில்ல, மொதல்ல சி டிரைவ்ல யூசர்ஸ், புரோகிராம்டேட்டா, டெம்ப் இந்த மூணையும் தனித்தனியா, அப்புறம் டி டிரைவை ஃபோல்டர் ஃபோல்டரா. வெளிச்சம் இருக்கும்போது முடிஞ்ச வரைக்கும்.

மழை விட்டதுக்கு அப்புறம் கருப்புத் திரைக்குள்ள போயி அந்த டி.எல்.எல்-ஐ அழிச்சா இப்போ வேற மாதிரி மறுப்பு. இப்போ யாரும் புடிக்கல, ஆனா உரிமை இல்லயாம். வைரஸ் ஃபைலோட பெர்மிஷனை மாத்தி வச்சிட்டுப் போயிருக்கு. டேக்ஓன்னு ஒரு கமாண்ட் ஃபைலை நம்ம பேருக்கு எழுதி எடுக்கும், ஐகேக்ல்ஸ்னு இன்னொண்ணு முழு உரிமையும் குடுக்கும், ரெண்டையும் அடிச்சதுக்கு அப்புறம் டெல்னு அழிக்கிற கமாண்ட். போயிருச்சு. ஒரு ஃபைலுக்கு மட்டும்தான் இதை அடிக்கணும், யாரோ யூடியூப்ல சொன்னான்னு மொத்த சி டிரைவுக்கும் அடிச்சா விண்டோஸே கோணிப் போயிரும், அதை அப்புறம் ஃபோர்மட் இல்லாம சரி பண்ணவே முடியாது.

அன்டிவைரஸ் "ரீஸ்டார்ட் பண்ணா மிச்சத்தை அழிப்பேன்"னு கேக்கும் பாருங்க, அதுல ஒரு நுட்பம் இருக்கு. அழிக்க முடியாத ஃபைலோட பேரை அது ரெஜிஸ்ட்ரியில ஒரு எடத்துல எழுதி வச்சிட்டுப் போகும், அடுத்த தடவை எழும்பும்போது லொகின் திரை வர்றதுக்கும் முன்னாடி, யாரும் எந்த ஃபைலையும் புடிக்காத அந்த நேரத்துல, விண்டோஸ் அந்தப் பட்டியலைப் படிச்சு அழிச்சிரும். அருமையான ஏற்பாடு. ஆனா விண்டோஸ் 8ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு வந்துச்சு, ஷட் டவுன் குடுத்தா உண்மையில முழுசா அணையாது, உள்மனசைத் தூங்க வச்சிட்டு அடுத்த நாள் அங்க இருந்தே எழும்பும். அதனால தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணி காலையில போடுறவங்களுக்கு அந்த அழிப்பு நடக்கவே நடக்காது! மெனுவுல ரீஸ்டார்ட்டுன்னே குடுக்கணும். "நாங்க டெய்லி ஓஃப் பண்றோமே"ன்னு சொல்ற வீடுகள்ல பாதிப் பிரச்சினை இதுதான்.

சேஃப் மோடும் வேலை செய்யலன்னா? அதுக்கும் ஆளு இருக்கு. சலிட்டின்னு ஒரு வைரஸ், 2003ல இருந்து சுத்துது, சேஃப் மோடுக்குத் தேவையான ரெஜிஸ்ட்ரி வரிகளையே அழிச்சிரும், சேஃப் மோட் போனா நீலத்திரை. இந்த மாதிரி நேரத்துல விண்டோஸையே எழுப்பாம வெளிய இருந்து உள்ள போகணும். விண்டோஸ் 10, 11ல அதோட சொந்த அன்டிவைரஸ்லயே டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன்னு உள்ளயே இருக்கு, மொதல்ல அதைப் பாருங்க, கால் மணி நேரம் போல ஓடும். அதுவும் சரிவரலன்னா லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இன்னொரு சிஸ்டம். ஒரு காலத்துல உபுன்டுன்னு ஒரு லினக்ஸை செய்யுற ஆளுங்க உலகத்துல யாரு கேட்டாலும் சி.டி.யை இலவசமா தபால்ல அனுப்புவாங்க, ஷிப்இட்னு பேரு, 2011ல நிறுத்திட்டாங்க. நானும் எழுதிப் போட்டேன். தோட்டத்து லயன் வீட்டுக்கு தனி விலாசம் கெடையாது, கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும், வெளிநாட்டு முத்திரை குத்துன பார்சல் ஒண்ணு எங்க வீட்டுப் பேருக்கு வந்துருக்குன்னு கிளாக்கரய்யாவுக்கு ஒரே ஆச்சரியம், என்னா ஏதுன்னு கேட்டு பிரிச்சுக் காட்டச் சொல்லித்தான் குடுத்தாரு. அந்த சி.டி. நம்ம ஊரு ஈரத்துல பூஞ்சணம் புடிச்சு வெள்ளை வெள்ளையா கோடு விழுந்துபோச்சு, இப்போ பென்ல போட்டு வச்சிருக்கேன், காஸ்பர்ஸ்கியோட ரெஸ்கியூ டிஸ்க்கும் லினக்ஸ்தான், அதையும் இப்புடிப் பென்ல போட்டு எழுப்பலாம்.

லினக்ஸ்ல எழும்புனா எந்த ஃபைலையும் யாரும் புடிச்சிருக்க மாட்டாங்க, எதை வேணும்னாலும் அழிக்கலாம். அதுவேதான் ஆபத்தும். யூசர்இனிட்னு லொகின்ல ஓடுற விண்டோஸ் ஃபைலுக்கு வைரஸ் ஒட்டியிருக்குன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டா விண்டோஸ் லொகின் ஆகும், ஒடனே லொகோஃப் ஆகும், திரும்ப லொகின், திரும்ப லொகோஃப். அழிக்கிறதுக்குப் பதிலா பேரை மாத்தி வைங்க, கடைசியில ஒரு எழுத்தைச் சேத்தாலே அது ஓடாது, ஏதும் கெட்டா திரும்ப மாத்திக்கலாம். டிரைவ் எழுத விடலன்னா விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ல தூங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ரீஸ்டார்ட் குடுத்து நேரா பென்ல இருந்து எழும்புங்க.

சலிட்டியைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா இங்க மட்டும் நான் கடைக்காரர் கட்சி. சலிட்டி, விரூட், ரம்னிட் இதெல்லாம் தனி ஃபைலா வந்து ஒக்காராது, நம்ம சொந்த புரோகிராம் ஃபைலுக்குள்ளயே தன்னை எழுதிக்கும். ஆயிரக்கணக்குல இ.எக்ஸ்.இ. ஒட்டிப்போயிருக்கும். அன்டிவைரஸ்ல "டிலீட் ஓல்" அடிச்சா வைரஸோட சேந்து வேர்ட், வி.எல்.சி., பிரின்டர் டிரைவர் எல்லாம் போகும். சுத்தம் பண்ற டூல் இருக்கு, ஆனா சுத்தம் பண்ண ஃபைலு பழையபடி இருக்கும்னு நிச்சயம் கெடையாது. இதுக்கு மணிக்கணக்கா ஒக்காந்து மாரடிக்கிறதுக்கு ஃபோர்மட் மேல். ஆனா முறையா. போட்டோ, வீடியோ, வேர்ட், பி.டி.எஃப். மட்டும் எடுங்க, சலிட்டியும் விரூட்டும் அதுல ஒட்டாது. ஒரு இ.எக்ஸ்.இ. கூட எடுக்காதீங்க, "செட்டப் ஃபைலு, பத்திரமா வச்சிருந்தேன்"னு சொன்னாலும் சரி. விரூட்டோ ரம்னிட்டோன்னா சேவ் பண்ணி வச்ச எச்.டி.எம்.எல். பக்கத்தையும் விடாது, அதையும் தூக்கிப் போடுங்க, ரம்னிட் வேர்ட் ஃபைல்லயும் ஒட்டும், அதை ஸ்கேன் பண்ணாம எடுக்காதீங்க. அப்புறம் சி மட்டும் இல்ல, டி-யும் சேத்து மொத்த டிஸ்க்கும்.

பேராலயே அழியாத ஃபைலும் உண்டு. பென்ல ஓட்டோரன் டாட் இன்ஃப்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள எல்.பி.டி. 3-னு ஒண்ணு, எது பண்ணாலும் அழியாது, பாக்கிற பிள்ளைங்க எல்லாம் வைரஸ்னு அலறும். அது வைரஸ் இல்ல, தடுப்பூசி. டொஸ் காலத்துல இருந்து கொன், நுல், எல்.பி.டி. 1 மாதிரி சில பேரு பிரின்டருக்கும் போர்ட்டுக்கும் ஒதுக்குனது, அந்தப் பேர்ல ஃபைலைத் தொடுறதுக்கு விண்டோஸ் சாதாரணமா விடாது. அதைப் பயன்படுத்தி, பென்னை சொருகுனதும் தானா ஓட வைக்கிற தன்னோட ஓட்டோரன் ஃபைலை வைரஸ் வந்து எழுத முடியாத மாதிரி அந்த எடத்தை அடைச்சு வச்ச டூல்கள் அப்போ இருந்துச்சு. கொன்ஃபிக்கர்னு ஒரு வைரஸ் 2008 நவம்பர்ல கெளம்பி பென் வழியாவும் பரவுன நேரம். 2011 பெப்ரவரியில மைக்ரோசொஃப்ட் எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும் பென் தானா ஓடுறதை நிறுத்துனதுக்கு அப்புறம் இதுக்குத் தேவை இல்லாமப் போச்சு. அதனாலதான் வைரஸ்காரங்களும் ஷோர்ட்கட்டுக்கு மாறுனாங்க, தானா ஓடலன்னா என்னா, ஆளை வச்சு ஓட வைப்போம்னு.

பண்டாரவளைப் பக்கம் தெரிஞ்ச ஒரு தம்பி வீட்டுல வேற கதை. கேமுக்கு கிராக் எறக்கியிருக்கான், அதுல "அன்டிவைரஸை ஓஃப் பண்ணிட்டு ஓட்டவும்"னு எழுதியிருக்கு, இவனும் ஓஃப் பண்ணிட்டான். எல்லா போட்டோவுக்கும் வேர்டுக்கும் பின்னாடி புது வால் ஒண்ணு முளைச்சிருச்சு, ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மி, 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள்ளன்னா பாதி. இது ஸ்டொப்னும் டிஜேவியூன்னும் சொல்ற ரான்சம்வெயார், ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்குற வகை. இவன் அந்த வால் முளைச்ச ஃபைலுங்களையே வைரஸ்னு நெனைச்சு அழிச்சுக்கிட்டு இருந்தான், நான் போயி நிறுத்துனேன். அது வைரஸ் இல்ல, பூட்டிப் போட்ட உங்க போட்டோ. வைரஸ் வேற எடத்துல, டாஸ்க் ஷெடியூலர்ல ஒரு வரி வச்சுக்கிட்டு புதுசா வர்ற ஃபைலையும் பூட்டுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கும், அதைத்தான் அழிக்கணும். எம்சிசொஃப்ட் கம்பெனி 2019 ஒக்டோபர்ல இதுக்கு ஒரு இலவசத் தெறப்பு விட்டுச்சு, பழைய வகைகள்ல 148ஐத் தெறக்கும்னு சொன்னாங்க, புது வகைன்னா நெட் இல்லாத நேரத்துல ஓடி பொதுச் சாவியால பூட்டியிருந்தா மட்டும்தான் வாய்ப்பு. இவனுக்குக் கொஞ்சம் கூடத் தெறக்கல. பூட்டுனதை அப்புடியே ஒரு ஹார்ட் டிஸ்க்ல கொப்பி பண்ணி வைக்கச் சொன்னேன், காசு கட்ட வேணாம்னும் சொன்னேன்.

அக்கா மெஷினுக்கு வருவோம். எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கு, ஆனா ஸ்கேன்ல சிஸ்டம் வொலியூம் இன்ஃபர்மேஷன்னு ஒரு ஃபோல்டருக்குள்ள அதே வைரஸ் பேரு, கைய வைக்க முடியல. அது ரீஸ்டோர் பொயின்ட் வைக்கிற கிடங்கு, வைரஸ் இருந்த காலத்துல எடுத்த பழைய பிரதி உள்ள கெடக்கு. சிஸ்டம் புரொடெக்ஷனை ஓஃப் பண்ணுனா மொத்தமும் அழிஞ்சிரும், திரும்ப ஓன் பண்ணி புதுசா ஒரு பொயின்ட் போட்டுக்கணும். சிலரு இதை மொதல் வேலையா செய்யச் சொல்லுவாங்க, எனக்கு உடன்பாடு இல்ல. நடுவுல ஏதாவது கோளாறு ஆனா பின்னாடி போக அது ஒண்ணுதானே வழி, வைரஸ் ஒட்டுன வழியா இருந்தாலும் பரவால்ல. எல்லாம் முடிஞ்சு மெஷின் நல்லா ஓடுதுன்னு தெரிஞ்ச பொறகு அதைக் காலி பண்ணுங்க.

போட்டோவை எல்லாம் ரெண்டு எடத்துல கொப்பி எடுத்தோம், ஒண்ணு கொழும்புல இருக்கிற மச்சான்கிட்ட. அக்கா பேஸ்புக்குக்கும் மெயிலுக்கும் பாஸ்வேர்டை அந்த மெஷின்ல மாத்தாம ஃபோன்லயே மாத்த வச்சேன், ஏன்னா உள்ள இருந்தது என்னென்னத்தை வெளிய அனுப்புச்சுன்னு யாருக்குத் தெரியும். மெஷின் விண்டோஸ் 7, அதுக்கு மைக்ரோசொஃப்ட் 2020 ஜனவரி 14ஓட கைய விரிச்சிருச்சு, லினக்ஸ் போட்டுத் தரவான்னு கேட்டேன், பிள்ளைக்குப் பாமினியில அடிக்கணும், வேர்ட் வேணும், வேணாம்னுட்டாங்க. சரி, நெட்டுக்கு ஃபோன், டைப்பிங்குக்கு மெஷின்னு பிரிச்சு வச்சாச்சு, டொங்கல் இப்போ அலுமாரியில.

"அப்போ இனிமே பேப்பர் பிரின்ட் எடுக்க அந்தக் கடைக்குப் போகவே கூடாதா தம்பி?" அக்கா கேட்டதும் நியாயம்தான், டவுன்ல பிரின்டர் இருக்கிறது ரெண்டு மூணு எடத்துல, எல்லார் பென்னும் அங்கதான் போயி வருது, 2020ல ஸ்கூல் மூடிக் கெடந்தப்போ சிக்னல் இல்லாத தோட்டத்து டிவிஷனுக்கெல்லாம் பாட நோட்ஸும் வீடியோவும் பென்லதான் ஏறிப் போச்சு. போகலாம். பி.டி.எஃப்-ஐ வட்ஸ்அப்ல அனுப்பி பிரின்ட் எடுக்கலாம், பென்தான் வேணும்னு சொன்னா அந்த ஒரு ஃபைலை மட்டும் போட்ட தனி பென்னைக் குடுங்க. திரும்பி வந்ததும் மெஷின்ல சொருகாம ஓ.டி.ஜி. கேபிள்ல ஃபோன்ல மாட்டி அங்கயே ஃபோர்மட் பண்ணிருங்க, விண்டோஸ் வைரஸுக்கு அன்ட்ரொய்ட்ல ஓட வழியில்ல. அக்கா மக அந்த இடத்துலயே ஃபோனை எடுத்து கேபிள் வெலை பாக்க ஆரம்பிச்சிருச்சு.